பலர் கூடிப் பணிசெய்த ஆலயம்

ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் பணிபுரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குச் செல்கிறார். ஒருவர் செவ்வாய்க்கிழமை உணவு கொள்வதில்லை. ஒருவருடைய வீட்டுமொழி தெலுங்கு, மற்றொருவருடையது கொங்கணி. ஓணம் ஒருவருக்குப் பெருநாள், பக்கத்து மேசைக்காரருக்கு அது வெறும் விடுமுறை. இவற்றையெல்லாம் அந்த அலுவலகத்தின் தலைவர் பொறுமையோடு சமாளிக்கிறார். ஆயினும், எல்லோரும் ஒரே மொழியும் ஒரே பழக்கமும் உடையவர்களாக இருந்துவிட்டால் வேலை எவ்வளவு இலகுவாக நடக்கும் என்ற எண்ணம் அவருடைய மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த எண்ணம் சரியா? வேற்றுமை என்பது பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தொல்லைதானா? அல்லது பணியே அதனால் சிறப்படைகிறதா? 'வேற்றுமையில் ஒற்றுமை' என்ற தொடரைப் பள்ளிப் பருவம் முதல் கேட்டுக் கேட்டு நம் செவிகள் மரத்துப்போய்விட்டன. ஆகவே அத்தொடரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, திருவனந்தபுரத்தின் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு பணியை உற்று நோக்குவோம்.

காந்த நடுக்கோடு

பூமத்திய ரேகையைப் போலவே பூமியின் காந்தப் புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அது திருவனந்தபுரத்துக்கு மிக அருகில் செல்கிறது. இந்த உண்மை ராக்கெட்டுகள் வருவதற்கு முன்பே ஆய்வாளர்களை இந்நகரத்துக்கு ஈர்த்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837ஆம் ஆண்டில் இங்கே ஒரு வானாய்வகத்தை நிறுவி, ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயரை அதன் முதல் இயக்குநராக்கினார். 1852இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், நகரத்தில் மட்டுமல்லாமல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வு நிலையம் அமைத்துப் பூமியின் காந்த மாறுதல்களை அளந்தார். தமிழ் முனிவர் பெயரைத் தாங்கிய மலையில், மலையாள நாட்டு மன்னரின் செலவில், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் உள்ளூர் உதவியாளர்களுடன் அமர்ந்து காந்த ஊசியின் அசைவைக் குறித்துக்கொண்டிருந்த காட்சி சற்று நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ நூறு முதல் நூற்றுப்பத்து கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் வலிமையான ஒரு மின்னோட்டம் பாய்கிறது. ஆய்வு பலூன்களால் அவ்வளவு உயரம் செல்ல இயலாது. செயற்கைக் கோள்களோ அதற்கும் மிக மேலேதான் நிலைத்துச் சுற்ற முடியும். இடைப்பட்ட அந்த வெளியை நேரில் அளக்கச் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளே வழி. அவற்றைக் காந்த நடுக்கோட்டிலிருந்தே செலுத்த வேண்டும். ஆகவே அமெரிக்கருக்கும் ரஷ்யருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரே இடம் தேவைப்பட்டது. 1962இல், அணுசக்தித் துறையின் தலைவர் ஹோமி பாபாவின் ஆதரவுடன், டாக்டர் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. பல இடங்களைப் பார்வையிட்ட பின் தும்பா என்ற மீனவக் கிராமப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது.

இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் இடையே சுமார் அறுநூறு ஏக்கர் நிலம். அதன் நடுவில் பள்ளித்துறை மீனவர்களின் குடியிருப்பும், புனித மகதலேனா மரியாள் ஆலயமும் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் ஞானஸ்நானம் பெற்றதும், மணம் புரிந்ததும் அங்கேதான். அவ்விடத்தை எப்படிக் கேட்பது?

சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவை அணுகினார். ஆயர் உடனே ஒப்புதலும் தரவில்லை, மறுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது மக்கள் முன்னிலையில் விஷயத்தை வைத்தார். விஞ்ஞானிகள் தேடுவதும் உண்மையே, தாம் போதிப்பதும் மக்கள் நலனே என்ற பொருளில் அவர் பேசி, இறைவனின் இல்லத்தையும் தம் இல்லத்தையும் மக்களுடைய இல்லங்களையும் தரலாமா என்று கேட்டதாகவும், கூடியிருந்தோர் 'ஆமென்' என்றதாகவும் டாக்டர் அப்துல் கலாம் பின்னாளில் தம் நூலிலும் உரைகளிலும் உருக்கத்துடன் எடுத்துரைத்திருக்கிறார். மாவட்ட ஆட்சியர் மாதவன் நாயரின் முயற்சியால் நிலம் கைமாறியது. மக்களுக்கு வேறிடத்தில் வீடுகளும் ஆலயமும் எழுந்தன.

சமண மரபுக் குடும்பத்தில் பிறந்த ஒரு குஜராத்தி விஞ்ஞானி கேட்கிறார், ஒரு கத்தோலிக்க ஆயர் தம் மக்களிடம் அதை எடுத்துச் சொல்கிறார், மலையாளம் பேசும் மீனவர்கள் ஒப்புகிறார்கள், ராமேசுவரத்துத் தமிழ் முஸ்லிம் ஒருவர் அதை வாழ்நாள் முழுவதும் மறவாமல் ஊர் ஊராகச் சொல்கிறார். இதுவரையில் இது ஓர் அழகிய நிகழ்ச்சி. பெரும்பாலான சொற்பொழிவுகள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் நம் கேள்விக்கான விடை இதற்குப் பின் நடந்த அன்றாட வேலையில்தான் இருக்கிறது.

பிரார்த்தனைக் கூடத்தில் ஆய்வுக்கூடம்

ஆலயத்தின் பிரார்த்தனைக் கூடம் கலாமின் முதல் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறை வரைபட அறையாயிற்று. அமெரிக்காவில் நாசாவின் நிலையங்களில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் சிலர் திருவனந்தபுரத்தின் எளிய விடுதிகளில் தங்கினர். தும்பாவில் அப்போது சிற்றுண்டிச்சாலை இல்லை. நகரத்து ரயில் நிலையத்தில் உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டு சென்றார்கள். வாகனங்களும் போதவில்லை. ராக்கெட்டின் முனைப்பகுதி ஒன்றைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு செல்லும் காட்சியைப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1966இல் படம் பிடித்தார். இன்றும் பலர் வியந்து பார்க்கும் படம் அது.

1963 நவம்பர் 21. முதல் ராக்கெட் புறப்பட வேண்டிய மாலை. ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதனுள் இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சினுடையது. தும்பா நிலையத்துக்கு ஹெலிகாப்டரும், பின்னர் மின்ஸ்க் கணிப்பொறியும் சோவியத் யூனியன் அளித்தவை. இதற்கு ஓராண்டுக்கு முன்புதான் கியூபா நெருக்கடியில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுப்போரின் விளிம்புவரை சென்று மீண்டிருந்தன. அவ்விரு நாடுகளின் சாதனங்களும் தென்னந்தோப்பு நடுவே ஒரே பணிக்கு உதவின. ராக்கெட்டைப் பொருத்துவதும் ஏவுவதற்கான ஏற்பாடுகளும் ஈசுவரதாசின் பொறுப்பு. ராடாரும் டெலிமெட்ரியும் சென்னைக்காரரான ஆராவமுதனின் பொறுப்பு. ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு.

பளுத்தூக்கி ராக்கெட்டை உயர்த்தி ஏவுகலத்தில் வைக்கும் தருணத்தில், அதன் எண்ணெய் அமைப்பில் கசிவு ஏற்பட்டு ராக்கெட் சாயத் தொடங்கியது. பழுது பார்க்க நேரமில்லை. அங்கிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி அதனை நிலையில் வைத்தார்கள். கதிரவன் மறைந்த பின் ராக்கெட் எழுந்தது. உயர்வெளியில் அது பரப்பிய சோடிய ஆவி, அடிவானத்துக்குக் கீழிருந்த சூரியனின் ஒளி பட்டுச் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. தமிழகத்தின் தென்பகுதியிலிருந்தும் அதனைக் காண முடிந்தது. அந்த ஒளி மேகம் நகர்ந்த விதத்தைக் கொண்டு உயர்வெளிக் காற்றின் போக்கை விஞ்ஞானிகள் கணித்தனர். 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

ஒரு பொருள், பல நோக்கு

சாராபாயின் பணிமுறை கவனிக்கத்தக்கது. ஒரே பயிற்சி பெற்ற ஒரே வகை ஆட்களை அவர் சேர்க்கவில்லை. திண்ம எரிபொருள் ஆராய்ச்சிக்குக் கேரளத்தவரான எம்.ஆர். குருப்பும், இங்கிலாந்தில் ஆய்வு செய்து திரும்பிய மராட்டியர் வசந்த் கோவாரிகரும் வந்தனர். உந்துகலத் துறைக்கு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்ற முத்துநாயகம் வந்தார். ஒரே பிரச்சினையை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களிடம் கொடுத்து, அவரவர் வழியில் அதனை அணுக விடுவதும் உண்டு. எரிபொருளில் குருப்பின் குழுவும் கோவாரிகரின் குழுவும் தனித்தனியே முனைந்தன. இதனால் செலவு கூடியது. குழுக்களிடையே போட்டியும் மனத்தாங்கலும் இல்லாமல் இல்லை. சிக்கனத்தை மட்டுமே பார்க்கும் நிர்வாகி இந்த முறையை ஏற்கமாட்டார்.

சாராபாய் பிறந்த சமண மரபில் அநேகாந்தவாதம் என்றொரு கொள்கை உண்டு. பொருள் ஒவ்வொன்றும் எண்ணற்ற தன்மைகளை உடையது. எந்த ஒரு நோக்கும் அவற்றுள் சிலவற்றையே பற்றும். அத்தகைய நோக்கை 'நயம்' என்பர். எனவே எந்தக் கூற்றையும் 'ஒரு வகையில்' என்ற அடையுடன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் துணிபு. சாராபாய் இக்கொள்கையை மனத்தில் கொண்டே குழுக்களை அமைத்தார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பணிமுறையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான தத்துவம் இல்லை.

இங்கே இரண்டு தவறான புரிதல்களை விலக்க வேண்டும். அநேகாந்தம் என்றால் 'எல்லோர் சொல்வதும் சரி' என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொருவர் சொல்வதும் எந்த நிலையிலிருந்து, எந்த அளவில் சரி என்று ஆராயச் சொல்வதே அது. எரிபொருள் சீராக எரியவில்லையானால், அதைச் செய்தவர் எவ்வளவு மரியாதைக்குரியவர் என்று ராக்கெட் பார்ப்பதில்லை.

இரண்டாவது, யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதை. அநேகாந்தத்துக்கு அதனை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அக்கதையில் ஒரு குறை உண்டு. கதை சொல்பவர் மட்டும் முழு யானையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பணியிடத்தில் அப்படிப் பார்ப்பவர் எவரும் இல்லை. தலைவரும் தடவிக்கொண்டிருப்பவரே. தமக்கு எட்டாத பக்கத்தில் வேறொருவருடைய கை இருக்கிறதே என்று அவர் மகிழ வேண்டும். நாம் ஆரம்பத்தில் பார்த்த அலுவலகத் தலைவரின் பிழை இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் தம்மைப் போலவே இருந்தால் நன்று என்று விரும்பும்போது, தமக்குத் தெரியாததெல்லாம் தம் குழு முழுவதற்கும் தெரியாமற்போகட்டும் என்றுதான் அவர் விரும்புகிறார். அது அவருக்கே புலப்படுவதில்லை.

ஒன்று கூறலாம். தும்பாவின் வேற்றுமை பெரும்பாலும் கல்வியிலும் துறையிலும் ஏற்பட்ட வேற்றுமையே, அதற்கும் சமயம் மொழி முதலியவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெவ்வேறு சமூகங்களில் பிறந்தவர்கள் வெவ்வேறு திறமைகளைப் பழகுகிறார்கள் என்பது விடையின் ஒரு பகுதி. இதே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் அரசவையை எண்ணிப் பாருங்கள். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அங்கே இருந்தார். மராட்டிய மரபில் வந்த மேருசுவாமி இருந்தார். வடநாட்டு இசைவாணர்களும் வந்து போயினர். மன்னர் வடமொழியிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் சாகித்யங்கள் இயற்றினார். மேலைநாட்டு வாத்தியமான வயலினைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தியவர்களில் வடிவேலுவும் ஒருவர். மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை 1834இல் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா? பக்கவாத்தியம் பிறநாட்டது என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

முதலில் உணவு

விடையின் மறுபகுதி மரியாதையைப் பற்றியது. பலவகை மனிதர்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்திவிட்டால் மட்டும் அவர்களுடைய திறமை வெளிப்பட்டுவிடாது. தாழ்வாக நடத்தப்படுபவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லமாட்டான். அவன் கண்ட பிழையும் அவனோடேயே நின்றுவிடும்.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தார். திருவிதாங்கூர் இளவரசரின் ஆசிரியராயிருந்த பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டுக்கு வந்துசேர்ந்தபோது அவருடன் ஒரு முஸ்லிம் சேவகர் இருந்தார். கொச்சி அரசாங்கத்தின் கடைநிலைப் பணியாளரான அவர், வழித்துணையாக அனுப்பப்பட்டிருந்தார். சுவாமிஜி முந்தைய இரண்டு நாட்களில் சிறிது பாலைத் தவிர எதுவும் உட்கொண்டிருக்கவில்லை. ஆயினும் அந்தச் சேவகருக்கு உணவு ஏற்பாடு செய்யுமாறுதான் முதலில் கேட்டுக்கொண்டார். அவர் உண்டு விடைபெற்ற பின்னரே தம்மைப் பற்றிச் சிந்தித்தார். ஐயர் தம் நினைவுக் குறிப்பில் இதனைப் பதிவு செய்திருக்கிறார். தீண்டாமையும் வழிநடைத் தடைகளும் மிகக் கடுமையாக இருந்த நாட்டில், ஓர் அந்தண இல்லத்தில் இது நிகழ்ந்தது என்பதை மறக்கலாகாது.

கலாமிடமும் இதே இயல்பைக் காண்கிறோம். 2002இல் குடியரசுத் தலைவரான பின் திருவனந்தபுரத்து ராஜ்பவனில் தங்கியபோது, தமது சிறப்பு விருந்தினர்களாக அவர் அழைத்தது இருவரை. ஒருவர் அந்த நாட்களில் அவருடைய காலணியைத் தைத்துக் கொடுத்த தொழிலாளி. மற்றவர் அவர் உணவருந்திய சிறிய உணவகத்தின் உரிமையாளர்.

இடம் தந்தவர்கள்

தும்பாவின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1972இல் சாராபாயின் பெயரால் அமைந்த விண்வெளி மையம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் ஏற்றிய எஸ்.எல்.வி.-3, கலாம் தலைமையில் அங்கேதான் உருவாயிற்று. பல சமூகங்கள் இப்பெருமையில் பங்கு கொண்டன. ஆனால் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் தம் அறிவைக் கொண்டு வந்தார்கள், கரைக்காரர்களோ தம் இடத்தைக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். 'ஆமென்' என்ற ஒரு சொல்லோடு அவர்களுடைய பங்கு முடிந்துவிட்டதைப் போலவே நாம் பேசி வருகிறோம். அவர்களிடம் நிலத்தைத் தவிர வேறு செல்வமும் இருந்தது என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நீரோட்டத்தைக் கண்ணால் அளப்பதும், நீரின் நிறத்தைக் கொண்டு ஆழம் காண்பதும், அலையின் இடைவெளி பார்த்துப் படகைத் தள்ளுவதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கல்வி.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. பம்பையும் அச்சன்கோவிலாறும் கரைபுரண்டு, செங்கன்னூர் வட்டாரத்தில் மாடிகளின்மீதும் கூரைகளின்மீதும் மக்கள் தவித்து நின்றார்கள். பேரிடர்ப் படையினரின் ரப்பர்ப் படகுகள் அந்த ஓட்டத்தில் பல இடங்களில் தடுமாறின. அப்போது விழிஞ்ஞம், பூந்துறை முதலிய திருவனந்தபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்தும் கொல்லத்துக் கரையிலிருந்தும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர், முஸ்லிம்களும் இந்துக்களும் உடன் சென்றனர். மரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் நடுவே, நீரில் மறைந்த மதில்களின்மேல் அவர்கள் படகோட்டினார்கள். மதில்களில் மோதிப் பல படகுகள் சிதைந்தன. பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். கேரள முதல்வர் அவர்களை மாநிலத்தின் சொந்தப் படை என்று போற்றினார். அரசு அறிவித்த பணத்தை வேண்டாம் என்று மறுத்தவர்களும் அவர்களில் உண்டு.

காப்பாற்றப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் ஒரு மீனவரின் வீட்டுவாசலை மிதித்தறியாதவர்கள். படகில் ஏற முடியாத முதியவர்களுக்காக ஓர் இளைஞர் தண்ணீரில் மண்டியிட்டுக் கைகளை ஊன்றித் தம் முதுகையே படியாக்கிக் கொடுத்த காட்சியை அந்நாட்களில் நாடு முழுவதும் பார்த்தது. அந்த முதுகின்மேல் கால் வைத்து ஏறியவர்கள் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அப்போது தெரிய வேண்டியிருந்தது.